மூன்று முறை கேட்டும் பதில் இல்லை

அக்டோபர் மாதம். இரவு ஒன்பதரை மணி. ஹாரோஃபீல்டு ஊருக்குப் போகும் ஆலைப் பாதை... இரண்டு பக்கமும் காடு. பத்து நாளாக ஒரு சொட்டு மழை கிடையாது. உதிர்ந்த இலையெல்லாம் காய்ந்து அப்பளமாகக் கிடக்கிறது. அந்தப் பாதையில் ஒருவன் தனியாகக் குதிரையில் வருகிறான்.

வெளியே ஒதுங்க வேண்டியவர்கள் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள். காவல் மாற இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. கதையைப் பாதி கேட்ட பிறகு உங்களில் ஒருவனும் எழுந்து போகமாட்டான், எனக்குத் தெரியும். வந்தவர்கள் கதவைச் சாத்திவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

குதிரையில் வந்தவன் ஜேபஸ் தர்லோ. ஹாரோஃபீல்டு ஊர்ப்படையின் கேப்டன். என் பெரியம்மா மகள் ரூத்தின் புருஷன், எனக்கு அத்தான் முறை. செத்துப்போனவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். இவனைப் பற்றி நான் பேசுவேன். அத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, அதனால் அவன் இவன் என்றுதான் சொல்லப்போகிறேன்.

மாவு ஆலைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பாலம். அங்கே வந்ததும் குதிரை நின்றுவிட்டது. காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு நான்கு காலையும் ஊன்றி... உதைத்துப் பார்த்தான், இறங்கி இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. அதன் உடம்பு முழுவதும் வேர்த்திருந்தது. சரி, இன்னும் ஒரு மைல்தானே என்று அதை ஒரு மரத்தில் கட்டினான். தொண்டை வறண்டிருந்தது. ஓடையில் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிக் குடித்தான். தண்ணீரோடு என்னவோ ஒன்று... சின்னதாக, வழவழவென்று உள்ளே போனது. துப்பப் பார்த்தான். வரவில்லை.

அந்தப் பாலத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷத்துக்கு முன்னால், அதே அக்டோபரில், அதே இடத்தில் உட்கார்ந்துதான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். செய்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

அந்த வருஷம் வடக்கே பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை. ஊர் ஜனம் முழுக்க ராத்திரியானால் குன்றின் மேல் இருக்கும் காவல் வீட்டுக்குள் வந்து அடைந்துகொள்ளும். சுற்றிலும் ஆளுயரக் கம்ப வேலி, வெளியே அகழி, ஒரே ஒரு வாசல். அப்போது ஜேபஸ் சார்ஜென்ட். கேப்டன் ஆல்வுட் என்று ஒரு கிழவர், நல்ல மனுஷன், ஆனால் இருமி இருமி ஓய்ந்துபோனவர். மூன்று வாரத்தில் வேறு கேப்டனைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஜேபஸுக்கு அந்த வேலை வேண்டும். பதினொரு வருஷமாக வேண்டும். அணிவகுப்பில் அவனை அடிக்க ஆள் கிடையாது, விதிமுறைகள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஒருவனுக்கும் அவனைப் பிடிக்காது. எல்லாருக்கும் பிடித்தவன் கார்ப்பரல் சைலஸ் பெக். வாயாடி. பயிற்சி நாளில் வரிசையில் நின்றுகொண்டே அடிக்குரலில் ஏதாவது சொல்வான், பக்கத்தில் நிற்கும் நான்கு பேருக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் துப்பாக்கி ஆடும். தேர்தல் வைத்தால் சைலஸ்தான் என்பது ஊரில் இருந்த கோழிக்குஞ்சுக்கும் தெரியும்.

காவல் விதி எல்லா ஊரிலும் ஒன்றுதானே. சூரியன் சாயும்போது கேப்டன் ஒரு சொல் கொடுப்பார். இருட்டியபிறகு வாசலுக்கு வருகிறவனைக் காவல்காரன் மூன்று முறை கேட்பான். சொல்லைச் சரியாகச் சொன்னால் உள்ளே விடுவான். மூன்றாவது முறையும் தப்பாகச் சொன்னாலோ, பேசாமல் நின்றாலோ, சுட்டுவிடுவான். சுட்டவன் மேல் குற்றம் கிடையாது.

சைலஸ் நான்கு நாள் வேவுக்காக வெளியே போயிருந்தான். அவன் திரும்பும் வரை மாறாது என்று கிழவர் கொடுத்திருந்த சொல், பழுத்த பூசணி. சைலஸ் சிரித்தானாம். இப்படி ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டு நான் செத்துப்போனால் என் பெண்டாட்டி என்ன நினைப்பாள் என்று கேட்டானாம். நான்காம் நாள் கிழவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, யாரோ அந்தச் சொல்லை ஒட்டுக்கேட்டிருக்கலாம் என்று. சொல்லை மாற்றினார். வெள்ளைக் குதிரை. வெளியே இருக்கும் ஆளுக்குப் புதுச் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சார்ஜென்ட்டின் வேலை. ஆலையில் போய்க் காத்திரு, சைலஸ் அந்த வழியாகத்தான் வருவான், சொல்லிவிடு என்று ஜேபஸை அனுப்பினார்.

ஜேபஸ் போனான். பாலத்தடியில் உட்கார்ந்தான். பையில் இருந்த சோள ரொட்டியைத் தின்றான். பொழுது சாயும் நேரத்தில் சைலஸ் தலைக்கு மேலே பாலத்தில் நடந்து போனான், விசிலடித்துக்கொண்டே. நேராக ஊருக்கு வரவில்லை, பக்கத்துப் பண்ணையில் கிழவி ஒருத்தி தனியாக இருந்தாள், அவளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று பார்க்கப் போனானாம், அவள் வரமாட்டேன் என்றுவிட்டாளாம். ஜேபஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காலடிச் சத்தம் தேய்ந்த பிறகு எழுந்து குறுக்கு வழியில் ஊருக்கு வந்து, சொல்லிவிட்டேன் என்றான்.

அன்று ராத்திரி மழை கொட்டியது. வாசல் காவலில் நின்றவனிடம் போய், "நீ போய்ப் படு, நான் பாத்துக்கறேன்" என்றான். சார்ஜென்ட்டுக்கு இவ்வளவு நல்ல மனசா என்று அவன் ஆச்சரியப்பட்டுக்கொண்டே போய்ப் படுத்தான்.

பத்து மணி இருக்கும். அகழியின் அந்தப் பக்கம் ஓர் உருவம்.

"யார் அங்கே?"

"பழுத்த பூசணி."

"யார் அங்கே?"

"பழுத்த பூசணி. டேய் ஜேபஸ், நான்தாண்டா. கதவைத் திற, நனைஞ்சு ஊறிப்போயிருக்கேன்."

குரல் சிரித்தது. தெரிந்த குரலைக் கேட்ட நிம்மதியில் சிரித்தது.

"யார் அங்கே?"

இந்த முறை சிரிப்பு இல்லை. மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக... பழுத்த பூசணி.

ஜேபஸ் சுட்டான். சைலஸ் அகழித் தண்ணீரில் விழுந்தான்.

மறுநாள் விசாரணை. புதுச் சொல்லை நானே ஆலையில் அவனிடம் சொன்னேன் என்றான் ஜேபஸ். மூன்று முறை கேட்டேன், வாயே திறக்கவில்லை, இருட்டில் எதிரி என்று நினைத்துச் சுட்டேன் என்றான். மழையில் உள்ளே யாருக்கும் வேட்டுச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்டிருக்கவில்லை. குமாஸ்தா லெமுவேல் படைப் புத்தகத்தில் எழுதினான்: மூன்று முறை கேட்டும் பதில் இல்லை. காவல் விதிப்படி சுடப்பட்டான். ஊர் என்ன பேசியது தெரியுமா? சைலஸ் குடித்திருப்பான் என்று பேசியது. செத்தவனுக்கு அந்தப் பெயர் வேறு.

சைலஸின் பெண்டாட்டி பேஷன்ஸ் அழவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஜேபஸுக்கு நேராக நின்றாள்.

"என் புருஷனுக்குத் தூக்கத்துலகூட வாய் மூடாது. மூணு தடவை கேட்டும் பேசாம நின்னாராக்கும்? அவர் என்ன சொன்னார்னு நீ ஒரு நாள் எனக்குச் சொல்லத்தான் போறே. உன் வாயாலயே சொல்லுவே. அது வரைக்கும் உன்னைச் சாக விடமாட்டேன்."

அவளைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பயம்தான்.

மூன்று வாரம் கழித்துப் பயிற்சி நாள். புல்வெளியில் படை வரிசையாக நிற்கிறது. கேப்டன் தேர்தல் உங்களுக்குத் தெரிந்ததுதான். தொப்பி சுற்றி வரும். வேண்டும் என்கிறவன் மக்காச்சோள மணி போடுவான், வேண்டாம் என்கிறவன் கறுப்பு அவரை போடுவான். சைலஸ் போன பிறகு நிற்பது ஜேபஸ் மட்டும்தான், ஓட்டுப் போட அறுபத்திரண்டு பேர். லெமுவேல் தொப்பியைப் பலகையில் கவிழ்த்து எண்ணினான். சோளம் முப்பத்தெட்டு. அவரை இருபத்தைந்து. கூட்டினால் அறுபத்து மூன்று.

மறுபடி எண்ணினான். அறுபத்து மூன்று.

அதில் ஓர் அவரை மட்டும் மற்றதைப் போல் இல்லை. ஊறி உப்பியிருந்தது, தோல் கிழிந்து வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. அது இருந்த இடத்தில் பலகை நனைந்திருந்தது. எவனோ குறும்பு பண்ணியிருக்கிறான் என்று சொல்லி ஜேபஸ் சிரித்துக்கொண்டே அதைக் கட்டைவிரலால் சுண்டி ஓடைப்பக்கம் எறிந்தான். எப்படிக் கூட்டினாலும் ஜெயித்தது அவன்தானே.

அதன் பிறகு பெயர் வாசிப்பு. லெமுவேல் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவனும் இருக்கிறேன் என்று சொல்லித் துப்பாக்கிக் கட்டையைத் தரையில் ஊன்றுகிறான். டொக்... டொக்... லெமுவேல் பட்டியலில் பழைய பெயரை அடிக்க மறந்திருந்தான். வாய் பழக்கத்தில் வாசித்துவிட்டது. சைலஸ் பெக்.

மூன்றாவது வரிசையில்... டொக்.

யார் அது என்று ஜேபஸ் கத்தினான். எல்லாரும் தலையைத் திருப்பினார்கள். வரிசையில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி இருந்தது. நெருங்கி நின்று இடைவெளியை மூடு என்று உத்தரவு போட்டான். காலடிகள் நகர்ந்தன. இடைவெளி அப்படியே இருந்தது. மறுபடி உத்தரவு போட்டான். இடைவெளிக்கு இடப்பக்கம் நின்றவன் ஆமோஸ், பீப்பாய் செய்கிறவன், எருமை மாதிரி உடம்பு, எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"மூடத்தான் பாக்கறேன் கேப்டன்... இடம் இல்லே."

அன்று சாயங்காலமே ஜேபஸ் பட்டியலை வாங்கி அந்தப் பெயரைக் கத்தியால் சுரண்டினான். காகிதம் கிழியும் வரை சுரண்டினான். அதிலிருந்து ஒரு வருஷம், பொழுது சாய்ந்தால் காவல் வீட்டு வாசலைத் தாண்டமாட்டான். விளக்கு வைக்கும் முன்னே உள்ளே வந்துவிடுவான். கேப்டன் கோழியோடு கூட்டில் அடைகிறார் என்று பையன்கள் கேலி பேசினார்கள்.

மறு அக்டோபரில் வடக்கே மறுபடி சண்டை. எச்சரிக்கை வாரம். அடுத்த ஊரில் கர்னல் எல்லாக் கேப்டன்களையும் கூப்பிட்டிருந்தார், போகாமல் இருக்க முடியாது. நடுப்பகலில் கிளம்பும்போதே அன்றைய சொல்லைக் கொடுத்துவிட்டான். இரும்புக் கதவு. வாசல் காவலுக்கு டோபியாஸ் கிரான்ஃபோர்டு என்று ஒரு தச்சன், அந்த வசந்தத்தில்தான் ஊருக்குக் குடிவந்தவன். அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் ஜேபஸ் குதிரை ஏறினான்.

கர்னல் பேசினார், பேசினார், இருட்டும் வரை பேசினார். இங்கேயே படுத்துவிட்டுக் காலையில் போ என்றும் சொன்னார். ஜேபஸ் யோசித்தான். எச்சரிக்கை வாரத்தில் கேப்டன் வெளியூரில் படுத்துத் தூங்கினான் என்று எவனாவது ஒருவன் கிளப்பிவிட்டால் போதும், தொப்பி மறுபடி சுற்றும். அந்தப் பதவிக்காக ஓர் ஆளைக் கொன்றவன், ஒரு ராத்திரிப் பயணத்துக்கா பயப்படுவான்? கிளம்பிவிட்டான்.

இப்படித்தான் அந்தப் பாலத்துக்கு வந்து சேர்ந்தான்.

குதிரையைக் கட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தான். காலடியில் காய்ந்த இலை நொறுங்கியது. சரக்... சரக்... கொஞ்ச தூரம் போனதும் பின்னால் இன்னொரு சத்தம். இலை நொறுங்கும் சத்தம் இல்லை. சேற்றில் காலை வைத்து எடுக்கிற சத்தம்.

சளக்... சளக்...

நின்றான். அதுவும் நின்றது. நடந்தான். நடந்தது. பத்து நாளாக மழை இல்லாத பாதையில் எங்கிருந்து சேறு வந்தது? திரும்பிப் பார்க்கவில்லை. மூக்கில் ஒரு வாடை ஏறியது. நனைந்த கம்பளிக் கோட்டு வாடை. அதற்குள் கருகிய வெடிமருந்து. அதன் பிறகு விசில்... மெதுவாக, குளிரில் உதடு ஒட்டாதவன் விசிலடிப்பதைப் போல, காற்றுதான் அதிகம்.

ஓடினான். நாற்பத்தைந்து வயதுக்காரன் கைத்துப்பாக்கி, வாள், தொப்பி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு குன்றின் மேல் ஓடினான். காவல் வீட்டின் வேலி தெரிந்தது. வாசல் மேடையில் டோபியாஸின் உருவம் தெரிந்தது. இருபது அடி தூரத்தில், அகழியின் விளிம்பில் வந்து நின்றான்.

"யார் அங்கே?"

இரும்புக் கதவு என்று கத்தினான்.

"யார் அங்கே?"

டேய் டோபியாஸ், நான்தாண்டா, கேப்டன், கதவைத் திற என்று கத்தினான். கத்தி முடித்ததும் அந்த வார்த்தைகளை எங்கே கேட்டோம் என்று அவனுக்கு நினைவு வந்துவிட்டது. தோளுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டுகிற சத்தம். சொட்... சொட்... யாரோ அவசரமில்லாமல் காத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைய சொல் எது என்று ஜேபஸுக்கு அந்த நொடியில் புரிந்தது.

"யார் அங்கே?"

வாயை முழுசாகத் திறந்து, நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினான். பழுத்த பூசணி.

டோபியாஸ் சுட்டான்.

உள்ளே தூக்கி வந்து மேஜையில் கிடத்தினார்கள். வயிற்றில் குண்டு. டோபியாஸ் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"மூணு தடவை கேட்டேங்க. வாயைத் திறந்துக்கிட்டு நின்னாரு. சத்தமே வரல. சொல்லைச் சொல்லியிருந்தா விட்டிருப்பேனே. அவர் மாத்தி அனுப்பின சொல்லைத்தானே எதிர்பார்த்துக்கிட்டு நின்னேன்."

மாற்றி அனுப்பியதா? யார் அனுப்பினார்கள் என்று லெமுவேல் கேட்டான். பொழுது சாயும் நேரத்தில் கேப்டனிடமிருந்து ஒரு கார்ப்பரல் வந்தார் என்றான் டோபியாஸ். ஊருக்குப் புதுசு என்பதால் எனக்கு முகம் தெரியவில்லை, நல்ல கலகலப்பான ஆள், தொப்பியிலிருந்தும் கோட்டிலிருந்தும் தண்ணீர் வடிந்தது, ஓடையில் விழுந்துவிட்டாராக்கும் என்று நினைத்தேன் என்றான். சொல் மாறிவிட்டது, இனிமேல் பழுத்த பூசணி என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாராம்.

கூட்டத்தின் பின்னால் இருந்து பேஷன்ஸ் வந்தாள். வழி விட்டார்கள். மேஜையில் கிடந்தவனுக்கு மேல் குனிந்தாள்.

"இப்பச் சொல்லு. அன்னிக்கு என் புருஷன் என்ன சொன்னார்?"

ஜேபஸின் வாய் திறந்து திறந்து மூடியது, கரையில் போட்ட மீனைப் போல. சத்தம் இல்லை. கண் பிதுங்கியது. ரூத் அவன் தலையைத் தூக்கிப் பிடித்தாள், அவள் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். தொண்டையில் என்னவோ உருண்டது என்றாள். இருமினான், இருமினான், உடம்பே தூக்கிப்போடும்படி இருமினான். பேஷன்ஸ் உள்ளங்கையை அவன் வாய்க்குக் கீழே நீட்டினாள். அதில் விழுந்தது.

ஒரு கறுப்பு அவரை. ஊறி உப்பி, முளை விட்டிருந்தது.

அதன் பிறகு குரல் வந்தது. பழுத்த பூசணி என்றான். மூணு தடவையும் சொன்னான், மூணாவது தடவை கெஞ்சினான் என்றான். பிறகு நிறுத்த முடியவில்லை. பாலத்தடியில் சோள ரொட்டி தின்றது முதல் அன்று ராத்திரி பின்னால் கேட்ட விசில் வரை, விடியும் வரை சொன்னான். ஊர் முழுக்கச் சுற்றி நின்று கேட்டது. சைலஸைக் குடிகாரன் என்று பேசினவர்கள் எல்லாரும் நின்றார்கள். பேஷன்ஸ் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. எல்லாம் சொல்லி முடித்துத் தண்ணீர் கேட்டான். அவள் கொடுக்கவில்லை, ரூத்தையும் கொடுக்க விடவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தான். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன்.

லெமுவேல் புத்தகத்தைத் திறந்து டோபியாஸின் வாக்குமூலத்தை எழுதினான். போன வருஷப் பக்கத்தைப் பார்த்து ஓர் எழுத்து மாறாமல் எழுதினான், பெயரை மட்டும்தான் மாற்ற வேண்டியிருந்தது. மூன்று முறை கேட்டும் பதில் இல்லை. அடுத்த பயிற்சி நாளில் மூன்றாவது வரிசையை நெருங்கி நிற்கச் சொன்னபோது, இடைவெளியை மூட ஆமோஸுக்கு இடம் இருந்தது.

போன இலையுதிர் காலத்தில் நான் ஹாரோஃபீல்டுக்குப் போயிருந்தேன். காவல் வீட்டு வேலியில், வாசலுக்குப் பக்கத்தில், ஆளுயரத்துக்கு ஓர் அவரைக்கொடி படர்ந்திருந்தது. பேஷன்ஸ் கூடையோடு நின்று காய் பறித்துக்கொண்டிருந்தாள். அன்று கையில் விழுந்ததை அங்கேதான் ஊன்றினாளாம். அந்தக் காயை அவள் சமைப்பதில்லை. விதையைக் காயவைத்து எடுத்து வைக்கிறாள், கேப்டன் தேர்தலுக்கு. பதினேழு வருஷமாகத் தொப்பியில் விழும் அவரையெல்லாம் அவள் கொடுப்பதுதான்.

நானும் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. ஆனால் தொப்பியைக் கவிழ்த்து எண்ணும்போது, ஒவ்வொரு முறையும் ஆளுக்கு மேல் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்கிறான் லெமுவேல். அது மட்டும் ஈரமாக வருகிறதாம்.